பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கொல்லப்பட்டது

"திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

அன்று காலையில் ஆறாவது முறையாக அந்தக் கேள்வி வந்தது. அண்ணி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு நொடி முறைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி காதில் வைத்தார்.

"சார், ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கார். அவரை எப்படித் திருப்பி ஸ்டார்ட் பண்றதுன்னு சொல்லுங்க, இப்பவே பண்றேன்."

எதிர்முனையில் லைன் துண்டிக்கப்பட்டது.

"வெச்சுட்டானா அண்ணி?"

"வெச்சுட்டான். ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது தம்பி?"

அண்ணி என் அண்ணனின் மனைவி. பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். நான் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தேன். முட்டி தேய்ந்ததும் பஸ் என்னை இறக்கிவிட்டது, அண்ணி ஏற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்த துப்பறிதல் ஒன்றுதான்: டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

இந்த வழக்கில் எல்லாருமே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாளைக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா எங்களிடம் வந்தார். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, அதைக் கழற்ற மறந்தே வந்திருந்தார். அவர் கணவர் தச்சர். போன மாதம் இருபத்தாறாம் தேதி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒரு கட்டடத்தில் கதவு நிலை பொருத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் வருகிற வண்டி இருபத்து மூன்று நிமிஷம் கழித்து வந்தது. ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே தச்சர் போய்விட்டார்.

அந்த அழைப்பை எடுத்தவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் மூன்றாம் நாற்காலியில் இருந்த பெண். அலுவலகத்தில் அவளை மூன்றாம் நாற்காலி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவள் மேல் மூன்று குற்றச்சாட்டு. அழைப்பைப் பதிந்து வண்டி அனுப்பும் ப்ரோகிராமை அழைப்பின் நடுவில் மூடினாள். நான்கு நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்து போனாள். தடைசெய்யப்பட்ட கைப்பேசியைப் பயன்படுத்தினாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணை இன்று இரண்டு மணிக்கு.

"வேலையை மட்டும் பறிச்சு அனுப்பிருவாங்க," என்று தையல்காரம்மா அன்று சொன்னார். "அது எனக்குப் போதாது. அவ ஏன் மூடினான்னு தெரியணும். வேணும்னே மூடினான்னு நீங்க நிரூபிச்சுக் குடுங்க. அவ ஜெயிலுக்குப் போகணும்."

அதுதான் எங்கள் வேலை. மூன்று நாளாக நாங்கள் அதில் ஒரு அடி நகரவில்லை. கட்டுப்பாட்டு அறையின் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங்கில் இல்லாதபோது வெளியே இருந்தார். ப்ரோகிராம் செய்த கம்பெனி, "எங்க ப்ரோகிராம்ல குறையே கிடையாது, மெஷினைப் பாருங்க" என்றது. மெஷின் விற்ற கம்பெனி, "மெஷின்ல குறையே கிடையாது, ப்ரோகிராமைப் பாருங்க" என்றது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு அறிவுரைதான் இருந்தது. அதை இப்போது ஆறாவது தடவை கேட்டாகிவிட்டது.

அண்ணி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு மேஜையில் இருந்த காகிதங்களை மறுபடி விரித்தார். தையல்காரம்மாவுக்கு விசாரணைக் குழு கொடுத்த நகல்கள் அவை. ப்ரோகிராம் தன்பாட்டுக்கு எழுதிக்கொள்ளும் குறிப்பேடு. யார் உட்கார்ந்தார்கள், எந்த அழைப்பு வந்தது, எந்த வண்டி போனது எல்லாம் நொடிக் கணக்கோடு இருக்கும்.

"தம்பி, இந்தப் பக்கங்களைப் பாருங்க. ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் கடைசி வரி என்ன?"

"'மூடப்பட்டது. நன்றி.'"

"எல்லாப் பக்கத்துலயும்?"

புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் இருந்தது. எழுதியவன் மரியாதை தெரிந்தவன்.

"இப்போ இருபத்தாறாம் தேதி."

பதினொன்று நாற்பத்திரண்டு, ஏழு நொடி. 'முகவரி: மார்க்கெட் பின்ச'. அதோடு சரி. பின்சந்து என்கிற வார்த்தைகூட முடியவில்லை.

"அவ மூடியிருந்தா நன்றி இருக்கணும்," என்றார் அண்ணி.

"கோவத்துல நன்றி சொல்லாம போயிருக்கலாம். எங்கண்ணன் தினமும் அப்படித்தான் வீட்ட விட்டுப் போறான்."

"உங்கண்ணன் பாதி வார்த்தையில போக மாட்டார். முழுசாப் பேசிட்டுத்தான் போவார்." அண்ணி காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டார். "பேசிக்கிட்டு இருக்குறவன் பாதி வார்த்தையில நிறுத்தினா, அவன் கிளம்பிப் போகல தம்பி. யாரோ வாயைப் பொத்தியிருக்காங்க. எழுந்திருங்க."

கட்டுப்பாட்டு அறை இரண்டாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஆறு நாற்காலி தெரிந்தது. காதில் ஹெட்போன் மாட்டிய ஆறு பேர் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாற்காலியில் இப்போது வேறு யாரோ. வரவேற்பில் இருந்தவர் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தார். "நாங்க அவரைப் பாக்க வரல," என்றார் அண்ணி.

விசாரணைக் குழு கொடுத்த கடிதம் அண்ணியிடம் இருந்தது. புகார் தரப்பு பதிவேடுகளைப் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. எந்த அறையில் என்று இல்லை. அண்ணி நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, மாடிப்படிக்கு அடியில் கழிவறையை ஒட்டி இருந்த கதவைத் தட்டினார்.

உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது. மெஷின்களுக்கு நடுவில் ஸ்வெட்டர் போட்ட ஒரு ஒல்லி மனிதர் உட்கார்ந்திருந்தார். வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். அவருக்கு ஸ்வெட்டர்காரர் என்று நான் மனசுக்குள் பேர் வைத்துவிட்டேன்.

"நான் கான்ட்ராக்ட் ஆளுங்க," என்றார் அவர், நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னால். "என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

"சரி, கேக்கல," என்றார் அண்ணி. "ஒரு சந்தேகம் மட்டும். செத்தவனோட டைரியில அவன் எப்படிச் செத்தான்னு எழுதியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரன் டைரி யார்கிட்ட இருக்கு?"

காகிதத்தை நீட்டினார். ஸ்வெட்டர்காரர் பாதியில் நின்ற அந்த வரியைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் கொஞ்சம் விலகி வேறு ஏதோ வந்தது.

"இருக்குங்க. மெஷினையே ஓட்டுற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குன்னு தனியா ஒரு டைரி உண்டு. எந்த ப்ரோகிராம் எப்போ என்ன ஆச்சுன்னு அது எழுதி வெச்சுக்கும். இத்தனை நாள்ல யாருமே அதைக் கேக்கல."

"விசாரணைக்காரங்க?"

"ப்ரோகிராம் டைரியைத்தான் கேட்டாங்க. குடுத்தேன்."

மூன்றாம் நாற்காலியின் மெஷினை அங்கிருந்தே திறந்து, இருபத்தாறாம் தேதிக்குப் போனார். ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி. பதினொன்று நாற்பத்திரண்டு, ஏழு நொடி. கடைசி வார்த்தை 'கில்ட்'. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கொல்லப்பட்டது. கீழே அதே மாதிரி சிவப்பு வரிகள் மறுபடி மறுபடி வந்தன.

"கொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"சிஸ்டமேதான். மெஷின்ல மெமரி எட்டு ஜிபி. ப்ரோகிராம்கள் வேலை செய்யுற இடம் அது. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் இவ்வளவுதான்னு எல்லை போட்டு வைக்கலாம். ஒருத்தன் மொத்த இடத்தையும் சாப்பிட்டுட்டா மத்தவன்லாம் நின்னுருவான் இல்லையா, அதுக்காக. எல்லைக்கு மேல ஒரு துளி கேட்டாலும் சிஸ்டம் எச்சரிக்கை எல்லாம் குடுக்காது. ஒரே வெட்டு."

"அந்தப் பொண்ணு மூடல."

"அவங்க கை வைக்கவே வேணாங்க. மார்க்கெட் பின்சந்துன்னு அடிச்சிருக்காங்க. அந்த இடத்து வரைபடம் ரொம்ப கனம். ஊருக்கு வெளியில நாலு ரோடு இருக்கும். மார்க்கெட் பின்னாடி நாலாயிரம் வாசல். அதைத் திறக்கும்போது மெமரி எல்லையைத் தாண்டியிருக்கு." இன்னும் இரண்டு தேதிகளில் தேடினார். வேறு நாற்காலிகளில், அதே சந்துகளில், இரண்டு தடவை அதே சிவப்பு வரி. "அந்த நாற்காலிக்காரங்க வெளியில சொல்லல. சொன்னா நீதானே மூடினேன்னு கேப்பாங்கன்னு பயந்திருப்பாங்க. அந்த ரெண்டு தடவையும் நல்லவேளையா சின்னக் காயம்தான் போல."

அண்ணி பேனா மூடியை எடுத்தார். "முன்னாடியெல்லாம் மார்க்கெட்டுக்கு வண்டி போகலையா?"

"போச்சு. அப்போ எல்லை நாலு ஜிபி." ஸ்வெட்டர்காரர் வேறு ஒரு பக்கத்தைத் திறந்தார். அவர் குரல் இறங்கியது. "இப்போ ரெண்டு. போன மாசம் ஒன்பதாம் தேதி யாரோ பாதியாக் குறைச்சிருக்காங்க."

"யாரு?"

"'அட்மின்'னு இருக்கு."

"அது யாரு?"

அவர் சுவரில் இருந்த அலமாரியைக் காட்டினார். அதில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அட்மின், அதன் பாஸ்வேர்டு. "எல்லாரும் இதைத்தான் போடுவாங்க. நான், மேனேஜர், கம்பெனி ஆளுங்க, பிரிண்டர் ரிப்பேர் பண்ண வந்தவர்கூட."

பேனா மூடி அண்ணியின் பல்லில் நசுங்கியது. மூன்று நாள் அலைந்து கொலைகாரனைப் பிடித்தால் அது ஒரு மெஷின். அதன் கையில் கத்தி கொடுத்தவனைத் தேடினால் ஊருக்கே பொதுவான ஒரு பேர். இந்த டைரியை விசாரணையில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஸ்வெட்டர்காரரே சொன்னார். "இந்த பாஸ்வேர்டு இருந்தா யாரும் உள்ள வரலாம், எழுதலாம். நான் எழுதிச் சேத்தேன்னுதான் சொல்லுவாங்க. என் கான்ட்ராக்ட் அன்னிக்கே முடிஞ்சுரும். அதுவும் போக, அது மறுபடி மறுபடி செத்ததை அந்தப் பொண்ணு எழுப்பினாளா, தானா எழுந்துச்சான்னு இதுல தெரியாது."

அரை மணி நேரம் அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஒன்பதாம் தேதி யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். ஸ்வெட்டர்காரர் அன்று லீவு. வருகைப் பதிவு வரவேற்பில் இருக்கிறது. வரவேற்பு மேனேஜரைக் கேட்கச் சொல்லும். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார். என் முட்டி விறைத்துப்போனது. எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்க பஸ்ஸா இருந்தா இந்தத் தொல்லை இல்ல. ஒருத்தரைக் கொஞ்சம் நகருங்கன்னு சொன்னா, அந்த இடத்துல எவன் வந்து உக்காரப் போறான்னு பஸ்ஸுக்கே தெரியும்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக முகத்தில் சுருக்கம் இல்லை.

"தம்பி, அதை இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"வேணாம், விடுங்க." ஸ்வெட்டர்காரர் பக்கம் திரும்பினார். "இவனை ரெண்டு ஜிபி நகத்தியிருக்காங்க. அந்த ரெண்டு ஜிபியில இப்போ யாரு உக்காந்திருக்கா?"

ஸ்வெட்டர்காரர் பட்டியலைத் திறந்தார். மெஷினில் ஓடும் ப்ரோகிராம்கள் எல்லாம் வரிசையாக வந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். 'துணைச் சேவை' என்று பேர். மூன்று ஜிபி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எல்லையே போடவில்லை.

"இது நான் போட்டது இல்லைங்க."

"எப்போலேர்ந்து ஓடுது?"

"போன மாசம் எட்டாம் தேதி." அவர் விரல்கள் வேகமாக அடித்தன. "ஆறு மெஷின்லயும் இருக்கு. எழுதுறதெல்லாம் ஒரே இடத்துக்குப் போகுது. மேனேஜர் ரூம் மெஷின். நாற்காலி நம்பர், தேதி, மணின்னு வரிசையா ஃபைல். எல்லாமே படம்." நாற்காலியில் சாய்ந்தார். "ஸ்டாஃபோட ஸ்கிரீனைப் படம் பிடிக்குது மேடம். நொடி விடாம. யாருக்கும் சொல்லாம."

"இருபத்தாறாம் தேதி, மூணாம் நாற்காலி?"

"இருக்கு. ஆனா இங்கேர்ந்து திறக்க முடியாது. அவர் மெஷின்லதான் திறக்கும்."

"விசாரணைக் குழுகிட்ட சொல்லி அதைக் கேக்கச் சொல்லலாமே அண்ணி?" என்றேன்.

"கேட்டா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு எழுதிக் குடுப்பார். எழுதிக் குடுத்த அடுத்த நிமிஷம் அது நெசமாவே இருக்காது." அண்ணி நசுங்கிய பேனா மூடியைக் குப்பைக்கூடையில் போட்டார். "அவரே ஆசைப்பட்டு எடுத்துக் காட்டணும்."

ஒரு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சில் மூன்றாம் நாற்காலி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். மடியில் ஒரு ஃபைல். பக்கத்தில் அவளுடைய அக்கா, கையில் தண்ணீர் பாட்டிலோடு. அந்தப் பெண் எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். தையல்காரம்மா சுவரைப் பார்த்தபடி அவளைக் கடந்து போனார்.

நாங்கள் கண்டுபிடித்ததை அண்ணி அவரிடம் சொல்லவில்லை. "நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பாருங்க, போதும்," என்று மட்டும் சொன்னார்.

விசாரணைக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் மேனேஜர் அன்று மீட்டிங்கில் இல்லை. சுத்தமான மேஜை, சீவிய பென்சில்கள், மென்மையான குரல். தையல்காரம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் வருத்தம் நடிப்பு இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

"சார், இவங்க எங்க கட்சிக்காரர்," என்றார் அண்ணி. "அந்தப் பொண்ணுக்குக் கடுமையான தண்டனை கிடைக்கணும்னு கேக்குறாங்க. மூணு நாளா அலையுறோம். அவ வேணும்னே மூடினதுக்கு எங்ககிட்ட ஒரு துண்டு ஆதாரம் இல்ல. மெஷின் தானா மூடிக்கிச்சுன்னு அவ சொன்னா, இல்லைன்னு சொல்ல ஆள் இல்ல. அவ ஸ்கிரீனை யாராவது கண்ணால பாத்திருந்தா கதை வேற."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

மேனேஜர் கதவைப் பார்த்தார். பென்சில் ஒன்றை எடுத்து நேராக வைத்தார்.

"பாத்திருக்கு," என்றார். "ஆளு இல்ல. ஆனா பதிவு இருக்கு. தலைமை ஆபீஸ்ல ஸ்டாஃப் மேல ஒரே புகார். அதனால ஒரு ஏற்பாடு பண்ணினேன். ஸ்டாஃபுக்கு இன்னும் சொல்லல."

"ஸ்டாஃபுக்குத் தெரியுமா தெரியாதாங்கறது எங்க கேஸ் இல்ல சார். நீங்க அதைப் பாத்தீங்களா?"

"உண்மையைச் சொல்லணும்னா, எதையுமே பாத்ததில்ல. ஆறு நாற்காலி, நாள் முழுக்க. யார் உக்காந்து பாக்குறது? இருக்குங்கற ஒரு தைரியம், அவ்வளவுதான்." கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். "இவங்களுக்காகக் காட்டுறேன்."

படம் ஓடியது. சத்தம் கிடையாது, மூன்றாம் நாற்காலியின் திரை மட்டும். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அழைப்பு வந்தது. கட்டத்தில் எழுத்துகள் வேகமாக விழுந்தன. ஆண், நாற்பத்தாறு, நெஞ்சுவலி. முகவரி. வரைபடம் சந்து சந்தாக விரிந்தது. மவுஸ் அம்பு மூடும் பொத்தான் பக்கமே போகவில்லை. நடுத்திரையில் நின்றிருந்தது. அப்படியே எல்லாம் மறைந்து வெறும் நீலத் திரை.

மேனேஜர் முன்னால் குனிந்தார்.

அம்பு ஒரு நொடி அசையவில்லை. பிறகு பாய்ந்து ப்ரோகிராமைத் திறந்தது. அது திறக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. எழுத்துகள் மறுபடி விழுந்தன. வரைபடம் விரிந்தது, மறைந்தது. மறுபடி திறந்தது. இப்போது எழுத்துகளில் பிழை, நெஞ்சுவலி நெஞ்வலி ஆகியிருந்தது, திருத்த நேரமில்லை. மறைந்தது. மறுபடி. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவில் கதவு சிக்கிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் அதை இழுப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

கடைசியில் அவள் ப்ரோகிராமை விட்டுவிட்டு வெறும் குறிப்பெழுதும் பக்கத்தைத் திறந்தாள். முகவரியை முழுசாக அடித்தாள். கீழே ஒரு வரி: 'மூச்சு இருக்கு'. அதோடு அம்பு நின்றுவிட்டது. நான்கு நிமிஷம் திரையில் அந்த வரி மட்டுமே இருந்தது.

தையல்காரம்மா அந்த நான்கு நிமிஷமும் கண்ணை எடுக்கவில்லை.

"பாருங்க, இங்கதான் எழுந்து போயிட்டா," என்றார் மேனேஜர். அவர் குரலில் இப்போது உறுதி இல்லை.

"எங்க போனா சார்?" என்று அண்ணி கேட்டார். "ஹெட்போன் பேச்சும் இதே ப்ரோகிராம்லதான். அது செத்தா லைனும் செத்துரும். மத்த அஞ்சு பேரும் அழைப்புல இருந்தாங்கன்னு உங்க பதிவேடே சொல்லுது. கைப்பேசி எல்லாம் கீழ்த்தளத்துப் பெட்டியில பூட்டி இருக்கு. மாடி இறங்கி, பூட்டைத் திறந்து, டிரைவர் நம்பரைத் தேடி எடுக்க நாலு நிமிஷம். டிரைவருக்கு அவ கைப்பேசியிலேர்ந்துதான் தகவல் போச்சு. அதை மூணாவது குத்தமா நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டாவதையும் மூணாவதையும் ஒண்ணாச் சேத்துப் படிச்சிருந்தா, அன்னிக்கு வண்டி வந்ததே அவளாலதான்னு தெரிஞ்சிருக்கும்."

"மெஷின்ல ஏதோ பிரச்சனை..."

"ஒன்பதாம் தேதி அந்த ப்ரோகிராமோட மெமரி எல்லையைப் பாதியாக் குறைச்சது யாரு சார்?"

மேனேஜர் பென்சில்களை மறுபடி நேராக்கினார்.

"பதிவு பண்ற ப்ரோகிராம் போட்டதும் மெஷின் எல்லாம் மந்தமாயிருச்சு," என்றார் கடைசியில். "விக்க வந்தவங்களைக் கேட்டேன். மத்ததுக்கு எல்லையைக் குறைச்சு வைங்கன்னாங்க. நான்தான் குறைச்சேன். எல்லாம் நல்லா ஓடுச்சே. ரெண்டு வாரம் ஒரு புகாரும் வரலையே."

அவர் கை மவுஸை நோக்கிப் போனது. அழிக்கத்தான் போனதா, மூடத்தான் போனதா, தெரியாது. நான் மவுஸை வயரோடு உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிக்கெட் பையை இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றியவனுக்கு அது பெரிய வேலை இல்லை.

"இப்போ நான் யாரைத் திட்டுறது?" என்று தையல்காரம்மா கேட்டார். எங்களையோ மேனேஜரையோ பார்த்துக் கேட்கவில்லை. "மூணு வாரமா ராத்திரி பகலா ஒருத்தியைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்போ இந்த ஆளு, 'நல்லா ஓடுச்சே'ங்கறாரு. இவரைத் திட்டவா? அந்த மெஷினைத் திட்டவா?"

அண்ணி அவர் தோளில் கை வைக்கப் போனார். தையல்காரம்மா நகர்ந்துகொண்டார்.

விசாரணைக் குழு அந்தப் பதிவை இரண்டு தடவை பார்த்தது. ஸ்வெட்டர்காரரின் சிவப்பு வரிகளையும் நொடி நொடியாக ஒத்துப் பார்த்தது. இப்போது அவரை யாரும் சந்தேகிக்க முடியவில்லை. குறிப்பேட்டு வரியும் படமும் ஒரே நொடியில் நின்றன. மூன்று குற்றச்சாட்டுகளும் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, மேனேஜரை உள்ளே நிறுத்திக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். எல்லையை உடனே நாலு ஜிபிக்கு ஏற்றச் சொல்லி ஒரு காகிதம் கீழ்த்தளத்துக்குப் போனது.

ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. கட்சிக்காரர் கேட்டதற்கு நேர் எதிரானதை நிரூபித்துக் கொடுத்திருந்தோம். வராந்தாவில் அண்ணி என்னை ஓரமாக நிறுத்தினார். தையல்காரம்மா பெஞ்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அக்கா பயந்து எழுந்தாள். தையல்காரம்மா அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ப்ரோகிராமை எத்தனை தடவ திருப்பித் திறந்தே?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"நாலு தடவக்கா," என்றாள் அந்தப் பெண். "அதுக்கு மேல முடியல. போன் எடுக்க ஓடிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவ திறந்து பாத்திருக்கணும். அஞ்சாவது தடவ திறந்திருக்குமோ என்னவோ. தினமும் அதேதான்கா மனசுல ஓடுது."

தையல்காரம்மா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அஞ்சாவது தடவையும் திறந்துட்ட," என்றார். "நான் எண்ணினேன்."